டீப்பாயில் பாதி இடம் காலியாகவே இருக்கட்டும்

இணையத்தில் டீப்பாய் அலங்காரம் என்று தேடினால் வந்து விழுகிற படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், எதிலுமே ஒரு காபி டம்ளர் வைக்க இடம் இருக்காது. ஒரு வெள்ளை ஜாடி, அதற்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி, தடிதடியாக மூன்று புத்தகம், அந்தப் புத்தகத்தின் மேல் மரத்தில் செய்த ஒரு சங்கிலி (எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை), மிச்சமிருக்கிற மூலையில் ஒரு கற்றாழைத் தொட்டி. அந்த வீட்டில் யாரும் கால் நீட்டி உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் ஹாலில் டீப்பாய்க்கு வேலை ஜாஸ்தி. காலையில் மாமா பேப்பர் படிக்கிற இடம், பத்து மணிக்கு அவர் பிரஷர் மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் அங்கேதான், சாயங்காலம் பிள்ளைகளின் ஹோம்வொர்க், ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே தோசைத் தட்டு. இதற்கு நடுவில் ஆவணி, தை, வைகாசி வந்துவிட்டால் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள். கோயமுத்தூர் ஆனாலும் காங்கேயம் ஆனாலும் கல்யாணத்துக்கு வாட்ஸப்பில் மட்டும் கூப்பிட்டால் போகிற ஆட்கள் நாம் இல்லை. புருசனும் பொண்டாட்டியுமாக நேரில் வந்து, தண்ணி குடித்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். அந்தத் தட்டம் இறங்க இடம் வேண்டும். நான் பூவும் பொம்மையுமாகப் பரப்பி வைத்திருந்த நாளில் அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏங்கண்ணு, அதையெல்லாம் சித்த ஓரமா எடுத்து வெச்சீன்னா அவிங்க தட்டத்த வெச்சுக்குவாங்கல்ல?"

என் டீப்பாய் சட்டமே அங்கிருந்து வந்ததுதான். அலங்காரம் மொத்தத்தையும் ஒரே தூக்கில் எடுத்து அந்தப் பக்கம் வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது அதிகம். அதோடு பாதிப் பலகை எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

முதலில் டீப்பாயே சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அளவு தப்பினால் மேலே என்ன வைத்தாலும் எடுபடாது. சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு டீப்பாயின் நீளம். ஆறு அடி சோபா என்றால் நாலு அடி டீப்பாய். உயரம் சோபா உட்காரும் மெத்தை மட்டத்துக்கு, அல்லது ஓரிரு இஞ்ச் கீழே. பொதுவாக 16லிருந்து 18 இஞ்ச் வரும். மெத்தையைவிட உயரமாகப் போனால் ஹாலில் ஒரு ஆபீஸ் டேபிள் போட்ட மாதிரி ஆகிவிடும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றரை அடி: கை நீட்டினால் டம்ளர் எட்டவும் வேண்டும், முட்டி இடிக்காமல் ஒரு ஆள் நுழையவும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் இரண்டு பக்கமும் சோபா போட்டு நடுவில் நாலடி டீப்பாயும் வைத்தால் நடக்க இடம் இருக்காது, அங்கே வட்ட டீப்பாயோ, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரட்டை டீப்பாயோ போடுங்கள். வாங்குவதற்கு முன்னால் பழைய பேப்பரை அந்த அளவுக்கு வெட்டி தரையில் விரித்து, ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கடையில் எல்லா டீப்பாயும் சின்னதாகத்தான் தெரியும்.

அடுத்தது கீழே விரிக்கிறது. இதற்குப் போய் பாரசீகக் கம்பளம் என்று பாலியஸ்டரை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஈரோட்டுக்குப் பக்கத்தில் பவானி இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது. 2005-06ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கெட்டி நூலில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக, கல்யாண மண்டபத்திலும் கோயில் விசேசத்திலும் நாம் உருண்டு வளர்ந்த அதே ஜமக்காளம்தான். நாலுக்கு ஆறு அளவில் ஒன்று வாங்கி நாலடி டீப்பாய்க்குக் கீழே விரித்தால் நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒரு அடி வெளியே தெரியும், ஹாலுக்கு அதுவே போதுமான நிறம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகம், 1985ஆம் வருடத்துச் சட்டத்திலேயே அது இருக்கிறது; ஆனாலும் விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கினால் அந்தக் கவலை குறைவு. முதல் தடவை தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் போகும். டைல்ஸ் தரை என்றால் அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம். டீப்பாய் கால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், ஓரம்தான் மடங்கும், ஓரத்தில்தான் வயசானவர்களுக்குக் கால் தட்டும்.

கீழே இவ்வளவு நிறம் வந்துவிட்டதா, மேலே அடங்கி இருக்க வேண்டும். ஜமக்காளத்துக்கு மேல் பூப்போட்ட விரிப்பு, அதற்கு மேல் கலர் ஜாடி என்று போனால் கண் வலிக்கும். மேலே விரிப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் கரூர்ச் சரக்கு இருக்கிறது. வெளிநாட்டு வீடுகளின் டேபிள் விரிப்பும் கிச்சன் துண்டும் பெரும் அளவில் நெய்து அனுப்புகிற ஊர், ஏற்றுமதியில் மிஞ்சியது அங்கே கடைகளில் கிடைக்கும், நெசவும் தையலும் நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: ரன்னர் என்று விற்கிற நீள விரிப்பு பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்காக நெய்தது, நாலடியைவிட நீளமாகத்தான் அதிகம் வரும். நாலடி டீப்பாயில் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும், தவழுகிற குழந்தை தொங்குகிற எதையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் விடாது, மேலே சூடான காபி இருக்கும். அதனால் தட்டுக்குக் கீழே போடுகிற சின்ன விரிப்பில் ஒன்றோ இரண்டோ போதும்.

சரி, இப்போது மேலே வைக்கிற சாமானுக்கு வருவோம். எனக்கு இதில்தான் சுவாரசியம்.

ஒரே தூக்கில் எடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு தட்டு வேண்டும். டிரே என்று புதிதாக வாங்க வேண்டாம், அம்மா வீட்டுச் சீரில் வந்து பரணில் கிடக்கிற பித்தளைத் தாம்பாளத்தை இறக்குங்கள். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பாத்திரத் தொழில் செய்கிற ஊர், அந்தப் பக்கத்துப் பித்தளைத் தாம்பாளம் நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும், பெயர் வெட்டியிருக்கும் வேறு. ஒன்றேகால் அடி விட்டம் சரியாக இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும், ஆனால் கடையில் புதிதாக வாங்கிய அலங்காரப் பித்தளையில் சிலதுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத லேக்கர் பூசியிருப்பார்கள், அதைப் புளி போட்டு நார் வைத்துத் தேய்த்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் போய் அசிங்கமாகிவிடும். அதற்கு ஈரத்துணி போதும். தாம்பாளத்துக்கு அடியில் நாலு இடத்தில் வட்டமாகத் துணிப் பட்டை ஒட்டிவிட்டால் பலகையில் கீறல் விழாது.

தாம்பாளத்தில் மூன்று சாமான். உயரமானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தட்டையானது ஒன்று. மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால் கடை ரேக் மாதிரி தெரியும், ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி இருந்தால்தான் கண் நின்று பார்க்கும். உயரமானது ஒரு அடியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் எதிர் சோபாவில் இருப்பவர் முகமும் மறையும், டிவியில் ஓடுகிற ஸ்கோரும் மறையும். அப்புறம் வீட்டில் யார் அதை எடுத்துத் தரையில் வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உயரமான சாமானுக்கு என் தேர்வு பூளைப்பூ. போகிக்கு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வாங்குகிறோம், கட்டியது போக ஒரு பிடி எப்படியும் மிஞ்சும். வேப்பிலை சருகாகிவிடும், ஆவாரம்பூ உதிர்ந்துவிடும், பூளைப்பூ மட்டும் அப்படியே காய்ந்து அதே வெள்ளையில் நிற்கும். அதைத் தண்ணி ஊற்றாத ஒரு செம்பில் நெருக்கமாகச் செருகி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கிறது. பம்பாஸ் புல் என்று ஒன்றைப் பெட்டியில் போட்டு விலை சொல்லி விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மார்கழிக் கடைசியில் நம் ரோட்டோரம் கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறதைவிட அது எந்த வகையில் ஒசத்தி என்று எனக்குத் தெரியவில்லை. வேலி ஓரத்தில் தானாக முளைக்கிற செடி இது. கொஞ்சம் பஞ்சு உதிரும், அதற்குத்தான் கீழே தாம்பாளம். பொங்கல் சமயத்தில் இதே செம்பில் இலையோடு ஒரு மஞ்சள் கொத்து வைத்தாலும் ஜோராக இருக்கும், ஒரு வாரத்துக்கு வாசமும் வரும்.

நடுத்தரத்துக்கு ஒரு பெட்டி. ஆத்தா காலத்து மர அஞ்சறைப் பெட்டி கையில் இருந்தால் விட்டுவிடாதீர்கள், நன்றாகக் காயவைத்துத் துடைத்தால் போதும், வெந்தய வாசம் முழுசாகப் போகாது, போகவும் வேண்டாம். சாவி, சேஃப்டி பின், சில்லறை, மாத்திரை அட்டை, பெவிக்விக், பேனா மூடி என்று எந்த வீட்டு டீப்பாயிலும் தானாகச் சேருகிற குப்பைக்கு அறை அறையாக இடம் கிடைத்துவிடும், மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாத்திரையை மட்டும் அதில் வைக்காதீர்கள். ரிமோட் அதில் அடங்காது, அதற்கு ஒரு பனையோலைப் பெட்டி. எங்கள் வீட்டில் டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்சுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாத ஒன்று, எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

தட்டையானது எதுவாகவும் இருக்கலாம், கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றுகிற சாமானாக இருந்தால் வந்தவர்களுக்குப் பேச்சு கிடைக்கும். சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டிய குடும்பம் என்றால் பழைய நாடா (தறியில் ஊடு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற கட்டை) ஒன்று எங்கேயாவது கிடக்கும். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த, கை பட்டுப் பட்டு வழுவழு என்று ஆன மரம். அதைவிட அழகான பொருளை எந்த அலங்காரக் கடையிலும் நான் பார்க்கவில்லை. முனை கூர் என்பதால் குழந்தை வீட்டில் மட்டும் மேலே ஏற்றி வையுங்கள். இன்னொன்று பல்லாங்குழி. பதினாலு குழியும் புளியங்கொட்டையுமாக மடித்து வைத்தால் தட்டை, திறந்தால் விளையாட்டு, விருந்துக்கு வந்த பிள்ளைகள் செல்போனை அரை மணி நேரமாவது கீழே வைக்கும் என்பது என் அனுபவம். பெரிய படப் புத்தகம்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதுவும் வேண்டும் என்றால் கல்யாண ஆல்பம் இருக்கிறதே! அந்தக் கனத்துக்கும் பளபளப்புக்கும் எந்தப் புத்தகம் பக்கத்தில் வரும், கட்டின காசுக்கு அது பீரோவுக்குள் தூங்குவதுதான் அநியாயம்.

இனி வேண்டாதவை.

உருளியில் தண்ணி விட்டுப் பூ மிதக்க விடுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நானும் செவ்வந்தி, ரோஜா என்று விசேச நாளில் செய்வேன், ஆனால் அது வாசலில் இருக்கட்டும். டீப்பாயில் யாராவது ஒரு காலை இடித்தால் தண்ணி முழுவதும் பலகையில். இன்னொரு தொல்லை கொசு. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, இப்படித் தேங்கி நிற்கிற நல்ல தண்ணியில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வருகிற அக்காக்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு வரைக்கும் குனிந்து பார்ப்பார்கள், உங்கள் உருளியை விடுவார்களா? வைத்தால் தினமும் தண்ணி மாற்றுங்கள், உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டிலில் வளர்க்கிற மணி பிளான்ட்டுக்கும் இதேதான்.

மெழுகுவர்த்தி பற்றி வெளிநாட்டு ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு ஹாலின் நடுவில் டீப்பாய், அதற்கு நேர் மேலே சீலிங் ஃபேன். நாலில் வைத்தால் மெழுகுவர்த்தி அணையும், மூன்றில் வைத்தால் மெழுகு ஒரு பக்கமாக உருகி வழியும், ஃபேனை நிறுத்தினால் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். படம் எடுக்கிறவர்கள் யாரும் இந்த ஃபேனைக் கணக்கில் எடுப்பதே இல்லை, புதுப் பூவெல்லாம் அதன் காற்றில் மத்தியானத்துக்குள் வதங்கிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வேறு. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மேற்கு ஜன்னலைத் திறந்தால் காகிதப் பூ, லேசான பிளாஸ்டிக் ஜாடி எல்லாம் பூஜை ரூமுக்குப் போய்ச் சேரும். அதனால் டீப்பாய்ச் சாமான் கனமாக இருக்க வேண்டும்: பித்தளை, கல், மரம், மண். செம்பின் அடியில் ஒரு பிடி கூழாங்கல் போட்டால் பூளைப்பூவும் சாயாது.

கண்ணாடி டாப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டஃபன் செய்த, அதாவது கெட்டிப்படுத்திய கண்ணாடிதானா என்று கேட்டு வாங்குங்கள், அது உடைந்தால் சின்னச் சின்னக் கட்டியாக நொறுங்கும், சாதாரணக் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும். துடைக்கிற தண்ணியும் முக்கியம். போர்த் தண்ணியில் துடைத்தால் காய்ந்த பிறகு வெள்ளையாகப் படலம் நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்று புலம்புவார்கள், அது அழுக்கில்லை, உப்பு. சிறுவாணியோ பில்லூரோ எந்த நல்ல தண்ணி வருகிறதோ அதில் அரை மக்கு எடுத்துத் துடையுங்கள், ஏற்கெனவே படிந்ததற்கு வினிகர் கலந்து துடைத்தால் போய்விடும். அப்புறம் கண்ணாடியில் விரல் ரேகை தெரிந்தே தீரும், தினமும் துடைக்கச் சோம்பல்படுகிறவர்கள் மரம் வாங்குங்கள்.

மரத்தில் டம்ளர் வட்டம். வெள்ளையாக வட்டம் விழுந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் பாலிஷ் படலத்தில் மட்டும்தான் நிற்கிறது என்று அர்த்தம். பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வைத்து வைத்து எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பாக விழுந்தால் தண்ணி மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்து மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி. பழைய தேக்கு டீப்பாய் வைத்திருப்பவர்கள் சானிடைசர் பாட்டிலை அதன் மேல் வைக்காதீர்கள். அந்தக் காலத்து பிரெஞ்ச் பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது, சானிடைசரில் இருப்பதும் ஸ்பிரிட் ரகம்தான், ஒரு சொட்டு சிந்தினால் பாலிஷைக் கரைத்து எடுத்துவிடும். அமுக்கிய மரத்தூள் பலகை என்றால் ஓரம் உடைந்த இடத்தில் ஈரம் பட விடாதீர்கள், உப்பினால் திரும்ப இறங்காது. டம்ளருக்கு அடியில் வைக்க வட்டத் தட்டு வாங்கி வையுங்கள், தேங்காய் நாரில் பின்னியது பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கிறது, வேர்க்கிற டம்ளர் தண்ணியை அது உறிஞ்சிக்கொள்ளும். வந்தவர்கள் அதன் மேல் வைக்காமல் பக்கத்தில் வைப்பார்கள். மாமாவுக்கு நான் சொல்லிப் பார்த்தேன், "அது என்னத்துக்கு அம்மிணி, டபராதான் இருக்குதல்ல" என்றார். யோசித்தால் அதுவும் சரிதான், டபரா இருக்கும்போது வட்டம் எங்கே விழப்போகிறது, ஐஸ் தண்ணி கொடுக்கும்போது மட்டும் எடுத்தால் போதும்.

கடைசியாகக் கீழ்த்தட்டு. டீப்பாய்க்குக் கீழே ஒரு தட்டு இருந்தால் அதை அலங்கரிக்காதீர்கள், அதுதான் உங்கள் மேல்தட்டைக் காப்பாற்றுகிற இடம். ஒரு பக்கம் இந்த வாரப் பேப்பர், ஒரு பக்கம் மூடி போட்ட கூடை. மேலே சேருவதெல்லாம் ராத்திரி படுக்கப் போகும்போது அந்தக் கூடைக்குள். பத்திரிகைகளை முகூர்த்தத் தேதி வாரியாக ஒரு கிளிப்பில் போட்டு அதே கூடையில் வைத்தால், விடிந்தால் எந்த மண்டபம், பெருந்துறையா தாராபுரமா என்று காலை ஆறு மணிக்கு வீடு முழுக்கத் தேட வேண்டியதில்லை. முடிந்த கல்யாணங்களின் பத்திரிகையை மாதம் ஒரு தடவை கழித்துவிடுங்கள். அத்தை விடமாட்டார், சாமி படம் போட்டதைக் குப்பையில் போடக்கூடாது என்பார். எங்கள் வீட்டில் அந்தப் படங்களை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கவரில் சேர்க்கிறோம், கவர் இப்போது இரண்டாவது கூடை கேட்கிறது.